மச்சானை எழுப்பலாமா? இரண்டு பேர் மட்டும் ஓட்டும் பாய்ப்படகில் இரவு வாட்ச்

டிக்கோயாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரும் அவருடைய மனைவியின் அண்ணனும் மிரிஸ்ஸ பக்கம் சுற்றுலாப் படகுகளில் வேலை செய்கிறார்கள். இப்போது லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் 38 அடிப் பாய்ப்படகு ஒன்றைக் காலித் துறைமுகத்திலிருந்து திருகோணமலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி படகுக்காரர் கேட்டிருக்கிறார். ஆள் இரண்டே பேர். படகில் ஆட்டோபைலட், விஎச்எஃப் ரேடியோ, கப்பல்களின் தகவலை வாங்கிக் காட்டும் ஏஐஎஸ் கருவி எல்லாம் இருக்கின்றன. அவர் கேட்டிருப்பது இவை: இரவில் வாட்ச், அதாவது முறை வைத்து விழித்திருந்து காவல் பார்ப்பதை, எப்படிப் பிரிப்பது? இருபது நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்துவிட்டு இரண்டு பேரும் கண்ணயரலாம் என்று மச்சான் சொல்கிறார், அது சரியா? மச்சான் மூத்தவர், தூக்கத்தில் எழுப்பினால் ஏசுவார், சின்ன விசயத்துக்கெல்லாம் அவரை எழுப்பலாமா?

தம்பி, கடைசியாகக் கேட்டதுதான் உங்கள் பயணத்தின் முதல் கேள்வி. எழுப்பத் தயங்கும் ஒருவர் காவலுக்கு இருக்கும் படகில் எந்த அட்டவணை போட்டாலும் அது கடதாசியோடு நின்றுவிடும். அதற்கு வருகிறேன். முதலில் அந்த இருபது நிமிட அலாரத்தை முடித்துவிடுவோம்.

முடியாது. தனியாக உலகம் சுற்றுகிறவர்கள் கப்பல் நடமாட்டமே இல்லாத ஆழ்கடலில், வேறு வழியில்லாமல் அப்படிச் செய்கிறார்கள். நீங்கள் போகப்போவது உலகத்திலேயே நெரிசலான கிழக்கு மேற்குக் கப்பல் பாதைகளில் ஒன்றின் ஓரமாக. சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆவது விதி, எந்தப் படகாக இருந்தாலும் எந்த நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் இருக்கவேண்டும் என்கிறது. விதியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். பெரிய கப்பலின் மேல்விளக்கு தெளிந்த இரவில் ஆறு கடல்மைலுக்காவது தெரியவேண்டும். கப்பல் 18 நொட் (மணிக்கு 18 கடல்மைல்) வேகத்தில் எதிரே வருகிறது, நீங்கள் 5 நொட் போகிறீர்கள் என்றால் இடைவெளி மணிக்கு 23 மைல் வீதம் சுருங்கும். ஆறு மைல் என்பது பதினைந்தரை நிமிடம். மழைத்தூறலில் மூன்று மைலில்தான் தெரிந்தது என்றால் எட்டு நிமிடம்கூட இல்லை. இருபது நிமிட அலாரம் அடிக்கும்போது கப்பல் உங்களைத் தாண்டியிருக்கும், அல்லது உங்கள் மேலேயே வந்திருக்கும்.

அந்தக் கப்பலை ஓட்டுகிறவர் நிற்கும் பிரிட்ஜிலிருந்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் படகு 12 மீற்றருக்குக் குறைந்தது. அந்த அளவுப் படகின் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகள் ஒரு மைலுக்குத் தெரிந்தாலே விதிக்குப் போதும். அங்கே இருக்கிறவர் உங்கள் விளக்கைக் கண்ட பிறகு மோதலுக்கு மூன்று நிமிடம்கூட மிஞ்சாது. அவ்வளவு பெரிய கப்பலை மூன்று நிமிடத்தில் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பாய்ப்படகுக்கு எஞ்சின் கப்பல் வழிவிடவேண்டும் என்ற விதி உண்மைதான். ஆனால் உங்களைப் பார்த்தால்தானே வழிவிடுவார்? இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே கப்பல்களுக்குப் போக, வர என்று பாதை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதைக்குள் போகும் எஞ்சின் கப்பலுக்குப் பாய்ப்படகு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்பதும் விதிதான். 20 மீற்றருக்குக் குறைந்த படகுகளும் பாய்ப்படகுகளும் கரைக்கும் அந்தப் பாதைக்கும் இடையே உள்ள கரையோர வலயத்தில் போகலாம். உங்கள் இடம் அதுதான். பாதைக்குள் இறங்காதீர்கள்.

கரையோர வலயத்தில் கப்பல் குறையும், மீன்பிடிப் படகு கூடும். வெளிப்பொருத்து மோட்டார் வைத்த பைபர் வள்ளங்களில் ஏஐஎஸ் இருக்காது, சிலதில் விளக்கே இருக்காது. வலையின் முனையில் மினுங்கும் சின்ன விளக்கோ, வெறும் கொடியோ இருக்கும். உங்கள் அலாரம் இவற்றில் எதற்கும் அடிக்கப்போவதில்லை. உங்கள் கருவியும் வாங்க மட்டும்தான் செய்கிறது, அனுப்புவதில்லை. கப்பலின் திரையில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். படகுக்காரரிடம் சொல்லி, அனுப்பவும் செய்கிற பி வகுப்பு ஏஐஎஸ் ஒன்றும் ராடார் பிரதிபலிப்பான் ஒன்றும் போடச் சொல்லுங்கள். ஆளைக் குறைத்து அனுப்புகிறவர் இந்தச் செலவையாவது ஏற்கவேண்டும்.

அட்டவணைக்கு முன்னால் புறப்படும் நேரத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு பேர் ஓடும்போது கஷ்டமான இடங்கள் வெளிச்சத்தில் வருகிற மாதிரி நேரத்தைப் போட்டால் பாதிச் சுமை குறைந்துவிடும். காலியிலிருந்து திருகோணமலை கிட்டத்தட்ட 240 கடல்மைல். 5 நொட் என்றால் இரண்டு பகல், இரண்டு இரவு. பகல் ஒரு மணிக்குக் காலியை விட்டால் தேவேந்திரமுனையை மாலை ஐந்தரை, ஆறுக்குள் வெளிச்சத்திலேயே சுற்றிவிடலாம். கிரிந்த, யால கரைக்கு வெளியே கிடக்கும் கிரேட் பாசஸ், லிட்டில் பாசஸ் பாறைத்திட்டுகள்தான் அடுத்த ஆபத்து. 1870களில் கட்டிய கலங்கரை விளக்கங்கள் இரண்டிலும் நிற்கின்றன. கிரேட் பாசஸ் பக்கம் விடியலுக்குச் சற்று முன்னால் வந்து சேருவீர்கள். குறைந்தது ஐந்து மைல் வெளியே ஓடுங்கள். தெற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் நெருங்க நெருங்க நீரோட்டம் கிழக்கே தள்ளும். அதனால் கணக்கிட்டதைவிட முந்திப் போய்விட வாய்ப்பிருக்கிறது. அதிகாலை ஐந்துக்கு முன்னால் அங்கே சேர்ந்துவிடுவோம் என்று தெரிந்தால் பாயைச் சுருக்கி மெதுவாகப் போங்கள். மூன்றாம் நாள் மதியம் போலத் திருகோணமலை வாசலில் இருப்பீர்கள்.

ஹம்பாந்தோட்டையைத் தாண்டினால் திருகோணமலை வரைக்கும் இரவில் நம்பி நுழையக்கூடிய இடம் உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோபைலட்டோ ஆளோ சரியில்லை என்றால் திரும்பும் முடிவை அதற்கு முன்னாலேயே எடுக்கவேண்டும்.

இனி வாட்ச். இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை மூன்று மணித்தியாலமாக நாலு பங்கு: ஏழு முதல் பத்து, பத்து முதல் ஒன்று, ஒன்று முதல் நாலு, நாலு முதல் ஏழு. பகலில் நாலு மணித்தியாலமாக மூன்று பங்கு. ஒரு நாளுக்கு மொத்தம் ஏழு பங்கு, ஒற்றைப்படை. ஆகவே முதல் இரவு ஒன்று முதல் நாலு வரை விழித்தவருக்கு அடுத்த இரவு அது வராது, தானாகவே மாறிவிடும். மூன்று மணித்தியாலத்தைச் சும்மா போடவில்லை. படுக்கவும் எழும்பவும் போகும் நேரத்தைக் கழித்தால் இரண்டு, இரண்டரை மணித்தியாலத் தூக்கம் கிடைக்கும். தூக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். இரண்டு மணித்தியால வாட்ச் போட்டால் அந்த ஒரு சுற்றே அரைகுறையாகிவிடும். மழையும் அலையும் வந்தால், அல்லது ஆட்டோபைலட் செத்துக் கையால் சுக்கான் பிடிக்க வேண்டி வந்தால் மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு இறக்குங்கள்.

முதல் இரவு ஏழு முதல் பத்து வரை நீங்கள் நில்லுங்கள். அப்போது பத்து முதல் ஒன்றும், பாறைத்திட்டு வரும் நாலு முதல் ஏழும் மச்சானுக்கு வரும். அந்தத் திட்டுகளைத் தாண்டும்வரை நாலரையிலிருந்து நீங்களும் மேலே இருங்கள். அதிகாலை மூன்று முதல் ஐந்து வரை உடம்பு தானாகவே சோரும் நேரம். எவ்வளவு பழகினாலும் அது போகாது. அந்த நேரத்தில் உட்கார்ந்தே இருக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று ஒரு முழுச் சுற்றுப் பாருங்கள். முன்பாய்க்குப் பின்னால் மறையும் பக்கத்தைக் குனிந்து பாருங்கள். இரண்டு பேர் ஓட்டும் படகில் அதிகம் தப்பவிடும் இடம் அதுதான். பின்பக்கத்தையும் பாருங்கள், உங்களைவிட மூன்று மடங்கு வேகமாக வருகிறவன் அங்கிருந்துதான் வருவான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கட்டில் அதிரும் அலாரம் கட்டிக்கொள்ளுங்கள். அதை அணைக்காவிட்டால் கீழே படுத்திருப்பவரின் தலைமாட்டில் பெரிய அலாரம் அடிக்கிற மாதிரி இரண்டாவது ஒன்றும் இருக்கவேண்டும். அலாரத்துக்கு அந்த வேலை மட்டும்தான்: விழித்திருக்கவேண்டியவர் தூங்கிவிட்டால் மற்றவரை எழுப்புவது.

கப்பல் ஒன்றைக் கண்டால் கைத் திசைகாட்டியில் அதன் பேரிங்கை, அதாவது அது எந்தத் திசையில் எத்தனை பாகையில் தெரிகிறது என்பதை, எடுங்கள், இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் திரும்ப எடுங்கள். பேரிங் மாறாமல் கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தால் மோதல் வழியில் இருக்கிறீர்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நேரே உங்களைப் பார்த்து வருகிறது. திரும்புவதென்றால் இரண்டு மைலுக்கு முன்பே, அவருக்குத் தெளிவாகத் தெரிகிற மாதிரி முப்பது பாகைக்குக் குறையாமல் திரும்புங்கள். ஐந்து ஐந்து பாகையாகத் திருப்பினால் யாருக்கும் புரியாது. ஏப்ரலில் காற்று அடிக்கடி விழுந்துபோகும், எஞ்சின் போட வேண்டி வரும். எஞ்சின் போட்ட நிமிடமே பாய்மர உச்சியின் மூவர்ண விளக்கை அணைத்துவிட்டுக் கீழ்ப் பக்க விளக்கு, பின்விளக்கு, முன்பக்க வெள்ளை விளக்கு மூன்றுக்கும் மாறவேண்டும். இதை மறந்தால் கப்பல்காரர் உங்களைப் பாயில் போகும் படகு என்று நினைத்து முடிவெடுப்பார்.

இருட்டில் முழுப் பார்வை வர இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் அத்தனையும் போய்விடும். கீழே சிவப்பு விளக்கு மட்டும் போடுங்கள். வாட்சில் இருப்பவர் காதில் இயர்போன் வேண்டாம். எஞ்சின் சத்தம் மாறுவதும் தூரத்து வள்ளத்தின் மோட்டாரும் முதலில் காதுக்குத்தான் வரும்.

கைமாற்றுவதற்கு வருவோம். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் மாறும்போது ட்ரையர் சூடு எவ்வளவு, எந்தக் கொழுந்து எத்தனை மணிக்கு ரோலருக்குப் போனது என்று சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. இதுவும் அதுபோலத்தான். பத்து மணிக்கு வாட்ச் என்றால் பத்துக்குக் கால் மணித்தியாலம் முன்னாலேயே எழுப்புங்கள். எழும்பியவுடன் மனிதனுக்குக் கால் மணித்தியாலமாவது புத்தி மந்தமாக இருக்கும். அப்போது கேட்டதும் நிற்காது, எடுத்த முடிவும் சரியாக வராது. அவர் முகம் கழுவி, லைஃப் ஜாக்கெட் போட்டு, உடம்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸைப் படிக்கட்டிலிருந்தே கொளுவிக்கொண்டு மேலே வந்து, கண் பழகிய பிறகு சொல்லுங்கள். கோர்ஸ் என்பது படகு போகும் திசை, மெயின் பெரிய பாய், ரீஃப் என்பது பாயை ஒரு மடிப்புச் சுருக்குவது, பில்ஜ் படகின் அடிப்பகுதி, லொக் பயணக் குறிப்பு. சிவப்புப் பக்கம் இடது, பச்சைப் பக்கம் வலது. இப்படி:

"மச்சான், மணி பத்து. கோர்ஸ் 078. மெயின்ல ஒரு ரீஃப், முன்பாய் பாதி சுருட்டி இருக்கு. பச்சைப் பக்கம் ஒரு கப்பல், நாலு மைல், பின்னால இருந்து வருது, பேரிங் முன்னால நகர்ந்துகிட்டே இருக்கு, தாண்டிப் போயிரும். சிவப்புப் பக்கம் முன்னால மூணு விளக்கு, ஏஐஎஸ்ல இல்ல, வலை இருக்கலாம். பேட்டரி 12.5. பில்ஜ் காஞ்சிருக்கு. அடுத்த லொக் பதினொண்ணுக்கு."

அவர் தலையாட்டினால் போதாது. தன் வாயால் திரும்பச் சொல்லவேண்டும்: "கோர்ஸ் 078. பச்சைப் பக்கம் கப்பல் தாண்டிப் போகுது. சிவப்புப் பக்கம் மூணு விளக்கு, வலை. லொக் பதினொண்ணு. நான் பாத்துக்கிறேன்." அந்தக் கடைசிச் சொல் வரும்வரை வாட்ச் உங்களுடையதுதான். திரும்பச் சொல்லும்போது சிவப்பைப் பச்சை என்று மாற்றிச் சொன்னால் அங்கேயே பிடிபட்டுவிடும். லொக் கொப்பியில் மணிக்கு ஒரு வரி எழுதுங்கள்: நேரம், ஜிபிஎஸ் இடம், கோர்ஸ், வேகம், பரோமீற்றர், பில்ஜ், பேட்டரி வோல்ட். ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.7 காட்டினால் நிறைந்தது. 12.2க்கு இறங்கினால் எஞ்சினைப் போட்டுச் சார்ஜ் பண்ணுங்கள். அதற்குக் கீழே போகவிட்டால் ஆட்டோபைலட்டும் விளக்கும் ரேடியோவும் ஒன்றாகப் போகும்.

இப்போது மச்சானை எழுப்பும் விசயம். மூத்தவர், மனைவியின் அண்ணன், வேலையும் அவர்தான் பழக்கிவிட்டிருப்பார். வீட்டில் அவர் தூங்கும்போது யாரும் சத்தம் போடமாட்டார்கள். அந்த மரியாதை உங்கள் கையைப் பிடித்து இழுக்கும் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. "இன்னும் ரெண்டு நிமிசம் பாப்போம், தானா போயிரும்" என்று இருட்டில் ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் அந்த இரண்டு நிமிடம்தான் திரும்புவதற்கு இருந்த நேரம். ஏச்சு வாங்கப் பயந்து எழுப்பாமல் விடுகிறவர் சோம்பேறி இல்லை, கவனக்குறைவானவரும் இல்லை. நல்ல பிள்ளை. அதனால்தான் இதைக் கரையிலேயே பேசி முடிக்கவேண்டும் என்கிறேன்.

யார் ஸ்கிப்பர், அதாவது படகின் தலைவர், என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மச்சானாகவே இருக்கட்டும். பிறகு ஒரு தாளில் எப்போது எழுப்பவேண்டும் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கப்பல் இரண்டு மைலுக்குள் வரும் என்று ஏஐஎஸ் கணக்குக் காட்டினால், அதற்கு இருபது நிமிடம் முன்பே. காற்று 18 நொட்டைத் தாண்டினால். மின்னல் தென்பட்டால், மழை வந்து இரண்டு மைலுக்கு அப்பால் தெரியாமல் போனால். விளக்கு ஒன்று என்னவென்று ஐந்து நிமிடம் பார்த்தும் விளங்காவிட்டால். எஞ்சின் சத்தமோ வாசனையோ மாறினால், பில்ஜில் தண்ணீர் கண்டால். படகை ஓட்டும் இடமான காக்பிட்டை விட்டு ஓர் அடி வெளியே போக வேண்டி வந்தால். தூக்கம் தாங்கமுடியவில்லை என்றால். கடைசி வரி இப்படி இருக்கட்டும்: மனசு சரியில்லை என்றால். அந்த ஒன்றுக்குக் காரணம் கேட்கக்கூடாது.

தாள் இருந்தாலும் கூச்சம் இருக்கும். அதை உடைக்க வேண்டியவர் மச்சான்தான். முதல் இரவு அவருடைய வாட்சில், பெரிதாக ஒன்றும் இல்லாதபோது, அவர் உங்களை ஒரு தடவை எழுப்பவேண்டும். "இந்த விளக்கக் கொஞ்சம் பாருங்க தம்பி, எனக்கு வெளங்கல" என்று கேட்கவேண்டும். மூத்தவர் இறங்கி வந்து ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த முறை உங்களுக்குத் தயக்கம் பாதியாகும். எழுப்பியது வீண் என்று தெரிந்தாலும், எழும்பியவர் சொல்லவேண்டியது "நல்லது, எழுப்பினீங்க" மட்டும். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். இந்தப் பக்கத்தை மச்சானிடம் அப்படியே காட்டுங்கள். நீங்கள் நேரே சொல்ல முடியாததை நான் சொன்னதாகச் சொல்லலாம்.

எழுப்பும் முறையும் பேசி வையுங்கள். அவர் படுக்கும் இடத்துக்கு மேலே டெக்கில் மூன்று தட்டு, பிறகு குரல். "ம்" என்ற பதில் கணக்கில் வராது. கால் தரையில் பட்டு, வாயால் நேரத்தைச் சொன்னால்தான் எழும்பினார் என்று அர்த்தம். படுப்பது முன் அறையில் வேண்டாம், படிக்கட்டுக்குப் பக்கத்துப் படுக்கையில் படுங்கள்.

காக்பிட்டை விட்டு வெளியே போவதைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். மற்றவர் மேலே வந்து நிற்காமல் இரவில் யாரும் முன்னால் போகக்கூடாது. 5 நொட் வேகத்தில் படகு ஒரு நிமிடத்துக்கு 150 மீற்றருக்கு மேல் நகரும். ஆட்டோபைலட் ஆள் விழுந்ததை அறியாது, நேரே போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் பன்னிரண்டு மணிக்கு விழுந்து மச்சான் ஒரு மணிக்கு எழும்பினால் நீங்கள் ஐந்து மைல் பின்னால் இருப்பீர்கள், எந்த இடத்தில் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே டெக்கின் இரண்டு பக்கமும் ஹார்னஸைக் கொளுவும் நீளக் கயிறான ஜாக்லைன் கட்டி, கொளுவும் கயிற்றை இரண்டு மீற்றருக்கு மேல் போகாமல் வைத்து, எப்போதும் கொளுவிய நிலையில் இருங்கள். ஒன்றுக்குப் போக விளிம்பில் நிற்கவேண்டாம், வாளியைப் பாவியுங்கள். லைஃப் ஜாக்கெட்டில் விளக்கும் விசிலும், முடிந்தால் விழுந்தவரின் இடத்தைக் காட்டும் ஏஐஎஸ் பீக்கனும் இருக்கட்டும். ரீஃப் போடுவதை வெளிச்சம் இருக்கும்போதே, இரண்டு பேரும் மேலே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். காற்று விழுந்து வேகம் ஒரு நொட் குறைந்தால் குறையட்டும்.

பேசும் முறை. "மச்சான், கொஞ்சம் அந்தக் கயித்தப் பாக்கிறீங்களா" என்பது வீட்டுப் பேச்சு. காற்றிலும் எஞ்சின் சத்தத்திலும் அதில் பாதிதான் காதில் விழும், எந்தக் கயிறு என்றும் தெரியாது. முதலில் பெயர், பிறகு பொருள், பிறகு வேலை: "மச்சான், முன்பாய்க் கயிறு, இழு." ஒருமையில் சொன்னதை இருவரும் தப்பாக எடுக்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கேட்டவர் உடனே திருப்பிச் சொல்லவேண்டும், செய்து முடித்ததும் "முடிஞ்சிது" என்று சொல்லவேண்டும். கேட்டதற்கு ஒரு பதில், முடித்ததற்கு ஒரு பதில். இரண்டுக்கும் ஒரே "சரி" என்றால் கயிறு கட்டியாயிற்று என்று நினைத்து மற்றவர் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சை விட்டுவிடுவார், விரல் போய்விடும். "நிறுத்து" என்று யார் சொன்னாலும், இளையவர் சொன்னாலும், கை அப்படியே நிற்கவேண்டும். பக்கத்தைச் சொல்லும்போது சிவப்பு, பச்சை என்று படகின் விளக்கை வைத்தே சொல்லுங்கள். படகின் முன்முனையான அணியத்தில் நின்று பின்னால் திரும்பிப் பேசுகிறவருக்கு இடது வலது மாறிவிடும். விசிலில் ஒன்று என்றால் என்னைப் பார், இரண்டு என்றால் மேலே வா, விடாமல் ஊதினால் ஆள் தண்ணீரில்.

ரேடியோவில் ஆபத்துக்கும் கூப்பிடுவதற்குமான சனல் 16ஐ எப்போதும் கேட்டுக்கொண்டிருங்கள். கப்பலைக் கூப்பிடும்போது "என் இடது பக்கக் கப்பலே" என்றால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அல்லது யாருமே பதில் தரமாட்டார்கள். ஏஐஎஸ்ஸில் தெரியும் பெயரை இரண்டு தடவை சொல்லி, உங்கள் படகின் பெயர், அவரிலிருந்து எந்தத் திசையில் எத்தனை மைல், பாயிலா எஞ்சினிலா, என்ன செய்யப்போகிறீர்கள் என்று மெதுவான இங்கிலீசில் சொல்லுங்கள். பதில் வந்தால் 6, 8, 72, 77 இவற்றில் ஒரு சனலுக்கு மாறிப் பேசலாம். பதிலுக்காகக் காத்திருந்து திரும்பும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். இந்த வசனங்களையும் உயிராபத்தில் சொல்லும் மேடே அழைப்பையும் ஓர் அட்டையில் தமிழ் எழுத்திலேயே எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், பதற்றத்தில் நாக்குக் குழறும். பக்கத்தில் வரும் வள்ளத்துக்கு ரேடியோ உதவாது. பெரிய டோர்ச்சை உங்கள் பாயின் மேல் அடியுங்கள், இருட்டில் வெள்ளைச் சுவர் போலத் தெரியும்.

மலையிலிருந்து இறங்குகிற உங்களுக்கு இன்னும் இரண்டு விசயம். டிக்கோயாக் குளிரிலிருந்து நேரே கடலோரப் புழுக்கத்துக்கு வந்து அன்றே புறப்படாதீர்கள். நாலைந்து நாள் முன்பே இறங்கிப் படகில் தூங்கிப் பழகுங்கள். வியர்வையில் உடம்புத் தண்ணீர் குறைந்தால் தாகத்துக்கு முன்னால் கவனம்தான் குறையும். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லீற்றர், ஐந்து நாளுக்கு என்று 40 லீற்றர் தண்ணீரைத் தனித்தனிக் கான்களில் ஏற்றுங்கள். மற்றது வாந்தி மாத்திரை. பஸ்ஸுக்குப் போடும் அதே மாத்திரைகள் பலவும் தூக்கம் தருகிறவை. அதைப் போட்டுக்கொண்டு இரவு வாட்சில் நிற்பது, காவலாளியை நாமே தூங்கவைப்பது. வீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பார்த்து எவ்வளவு நேரம் மந்தமாக்குகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். தூக்கம் குறைந்த மாத்திரை எது என்று டாக்டரிடம் கேளுங்கள். பிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்டீ நல்லதுதான், ஆனால் வாட்சின் முதல் மணித்தியாலத்திலேயே குடித்து முடியுங்கள். கடைசியில் குடித்தால் உங்கள் தூக்கம்தான் கெடும், அதன் கடன் அடுத்த வாட்சில் தெரியும்.

லீவு மிச்சம் இருக்கிறதல்லவா, இந்த அட்டவணையை மூன்று இரவு வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒருவர் திண்ணையில் விழித்திருக்க மற்றவர் உள்ளே தூங்கட்டும். எழுப்பும் தட்டு, கைமாற்றும் பேச்சு, லொக் கொப்பி எல்லாமே நிஜமாக. யாரை எழுப்புவது கஷ்டம், யார் மூன்று மணிக்கு உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தப் படகில் போவது உங்கள் மனைவிக்குக் கணவனும் அண்ணனும். கரையிலிருந்து கவனிக்கும் ஆள் அவர்தான் என்றால் வெறும் "போன் பண்றேன்" போதாது. படகின் பெயர், நிறம், நீளம், எம்எம்எஸ்ஐ எனும் படகின் ரேடியோ அடையாள இலக்கம், ஆள் எத்தனை, எந்த வழி, எப்போது சேரவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சிக்னல் கிடைக்கும்போது காலை ஆறு, மாலை ஆறு குறுஞ்செய்தி. ஒரு வேளை தவறினால் பயப்படவேண்டாம், யாலக் கரையோரம் சிக்னல் இருக்காது. தொடர்ந்து இரண்டு வேளை தவறினால் எந்தக் கடற்படை, கரையோரக் காவல் இலக்கத்துக்கு அழைப்பது என்பதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். புறப்படும் முன்னர் அந்த இலக்கத்துக்கு நீங்களே ஒரு தடவை அழைத்துச் சரிபாருங்கள்.

எல்லாம் சொன்ன பிறகும் என் விருப்பம் மூன்றாவது ஆள்தான். மூன்று பேர் என்றால் மூன்று மணித்தியாலம் வாட்ச், ஆறு மணித்தியாலம் ஓய்வு. பாயைச் சுருக்க ஒருவரை எழுப்பினாலும் இன்னொருவரின் தூக்கம் கெடாது. மச்சான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தால், அல்லது வீட்டில் ஓட்டிப் பார்த்த மூன்று இரவில் நீங்கள் ஒரு தடவைகூட அவரை எழுப்பத் துணியாவிட்டால், இரண்டு பேராகப் போகாதீர்கள். படகுக்காரரிடம் இன்னும் ஒரு ஆளின் கூலி கேளுங்கள். மே மாதத்தின் பின்பாதியில் சோளகம் பலக்கும் முன்னால் ஆளைத் தேட உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.